சீர் பேனரில் எந்தப் பெயரைப் போடுவது?

திருப்பூரில் வசிக்கும் 36 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய அப்பா இலங்கையில், நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1970இல், 14 வயதில், பெற்றோரோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். சில வருடங்களுக்குப் பிறகு நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். அம்மாவுடையதும் அப்படி வந்த குடும்பம்தான். வாசகி அங்கே 1989இல் பிறந்து, திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவர். ஒரே மகன், 8 வயது.

அடுத்த மாதம் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டுவரும் தம்பி, மண்டப வாசலில் வைக்கும் பேனரில் “மலையகத் தமிழர் குடும்பத்துச் சீர்” என்று போட்டே ஆக வேண்டும் என்கிறார். மலையகம் என்றால் இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாடு; தமிழ்நாட்டிலிருந்து அங்கே தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் மலையகத் தமிழர். அப்பாவோ, “அந்தப் பேரைப் போட்டா நான் விசேஷத்துக்கே வரமாட்டேன். நாம தாயகம் திரும்பினவங்க. இந்தியாக்காரங்க. அதோட விடு” என்கிறார். மாமியார் வீட்டில் இந்த 11 வருடமும் “சிலோன்காரங்க”. போன ஜூனில் மகனைப் புதுப் பள்ளியில் சேர்க்கப் போயிருக்கிறார்கள். கூடப் போன அப்பா பேச்சோடு பேச்சாக இலங்கையில் பிறந்ததைச் சொல்ல, அலுவலகத்தில் இருந்தவர் “அகதிங்களா? முகாம் பதிவு இருக்கா?” என்று கேட்டிருக்கிறார். அன்று இரவு கணவர், “இதெல்லாம் எழுத்துல போனா நாளைக்குப் பையன் பாஸ்போர்ட்டுக்குச் சிக்கல் வராதா?” என்றாராம். கடிதம் இப்படி முடிகிறது: “சட்டப்படி எங்களுக்கு ஒரு பெயர் இருக்குமே சார், அதைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் சண்டை தீரும்.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராமல் மற்றது எதையும் நிதானமாகப் பேச முடியாது.

நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். தாத்தாவின் இந்தியப் பாஸ்போர்ட். ஓரம் அரித்த ஒரு பக்கத்தில் தாத்தா, பாட்டி படங்கள். பிள்ளைகளின் பக்கத்தில் நான்கு பெயர்கள், மூன்றாவது பெயர் உங்கள் அப்பாவுடையது. 1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ், இந்திய வம்சாவளியினர் வெளிநாட்டில் இருந்தபடியே இந்தியக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள முடியும். உங்கள் தாத்தா அப்படிப் பதிந்து, அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கி, குடும்பத்தோடு வந்தவர். அதாவது கப்பலில் ஏறும்போதே அவர்கள் இந்தியக் குடிமக்கள்.

நீங்கள் பிறந்தது 1989. இங்கே 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். உங்களுக்கு இருவருமே. மகன் பிறந்தது 2017. அந்தக் காலத்து விதி இன்னும் கடுமையானது, ஆனால் தாயும் தந்தையும் குடிமக்களாக இருக்கும் பிள்ளைக்கு அதிலும் எந்தக் கேள்வியும் இல்லை. பையனுடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தாத்தா எங்கே பிறந்தார் என்ற கட்டமே கிடையாது. ஒரு பேனரில், ஒரு பத்திரிகையில், மேடைப் பேச்சில் தன்னை “மலையகத் தமிழர்” என்று சொல்லிக்கொள்வதால் யாருடைய குடியுரிமையும் போகாது. செட்டிநாட்டுக்காரர், கொங்குக்காரர் என்று சொல்லிக்கொள்வதைப் போல அது ஒரு மக்களின் பெயர். உங்கள் கணவரிடம் இதைத் தயங்காமல் காட்டுங்கள்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 1992இல் தோட்டத்து வேலைப் பதிவேட்டில் அப்பா தன் பிறந்த ஊரைக் “கூடலூர்” என்று மாற்றி எழுதச் சொன்னார் என்று. ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்குப் புரிகிறது. அதைப் பிறகு பேசுகிறேன். ஆனால் பாஸ்போர்ட் ஒன்று சொல்ல, பதிவேடு இன்னொன்று சொல்வதுதான் நாளைக்கு ஒரு அதிகாரியின் புருவத்தை உயர்த்தும். இலங்கையில் பிறந்தேன் என்பதில் குற்றமே இல்லை. மறைத்தது போலத் தெரிவதில்தான் வம்பு.

படிவங்களில் எப்படி எழுதுவது

நாட்டினம், குடியுரிமை என்று கேட்கும் கட்டத்தில் எப்போதும் “இந்தியர்”. அங்கே “இலங்கை” என்றோ “இலங்கைத் தமிழர்” என்றோ ஒருபோதும் எழுத வேண்டாம். பிறந்த இடம் என்று கேட்டால் அப்பாவுக்கு “நுவரெலியா, இலங்கை”, உள்ளது உள்ளபடி. பதிவேட்டில் உள்ள தவறைத் திருத்த, நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து, தாத்தா பாஸ்போர்ட்டின் நகலை இணைத்து, தோட்ட நிர்வாகத்துக்கும் வைப்பு நிதி அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். பள்ளியில் மறுபடி யாராவது முகாம் பதிவு கேட்டால், மகனின் பிறப்புச் சான்றிதழைக் காட்டி, “நாங்கள் இந்தியக் குடிமக்கள்” என்று தலைமையாசிரியரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். சண்டை வேண்டாம்.

அகதி என்ற சொல்

பள்ளியில் கேட்ட அந்தக் கேள்வி உங்களைக் குத்தியிருக்கிறது. “எங்களைப் போய் அந்த ஆட்களோடு சேர்த்துவிட்டார்” என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே உங்களைக் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. தாயகம் திரும்பியவர்கள் வேறு, 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து வந்தவர்கள் வேறு என்பது சட்டப்படி சரிதான். அவர்களுக்கு இந்தியக் குடியுரிமை இல்லை, முகாம் பதிவு உண்டு. ஆனால் அந்த முகாம்களில் இருப்பவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணம், மன்னார்க்காரர்கள் அல்ல. உங்கள் தாத்தாவைப் போலவே தோட்டத்தில் கொழுந்தெடுத்த குடும்பங்கள், அந்த முறை கப்பலேறாமல் அங்கேயே தங்கி, பிறகு கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த அப்படிப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில்தான், 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அந்த முகாமில் இருப்பது உங்கள் பெரியப்பா பிள்ளையாகக்கூட இருக்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசே “அகதிகள் முகாம்” என்ற பெயரை மாற்றி “இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்” என்று வைத்தது. அந்தச் சொல் உங்களுக்கு மட்டும் வலிக்கவில்லை. “நாங்கள் அகதிகள் இல்லை” என்று சொல்லுங்கள், தவறில்லை. அதைச் சொல்லும் தொனியில் அவர்கள் கீழே போய்விட வேண்டாம்.

சரி, இப்போது பேனருக்கு வருகிறேன்.

சட்டப்படி ஒரு பெயர் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். அப்படி ஒன்று இல்லை, சகோதரி. உங்கள் குடும்பத்துக்குச் சட்டமும் அரசாங்கங்களும் வைத்த பெயர்கள் ஏராளம். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு காரணத்துக்காக வைக்கப்பட்டது. 1911இல் இலங்கையில் நடந்த குடிசன மதிப்பீட்டில், அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான், இலங்கைத் தமிழர் ஒரு கணக்காகவும் இந்தியத் தமிழர் இன்னொரு கணக்காகவும் பிரிக்கப்பட்டார்கள். 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவினை கத்தியாகிவிட்டது. சுமார் 7 லட்சம் தோட்டத் தொழிலாளர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களானார்கள். அடுத்த வருடம் ஓட்டும் போயிற்று. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கு 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். நடுவில் யாரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் வந்து “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கவில்லை.

உங்கள் அப்பா அந்த எண்ணிக்கைக்குள் ஒருவர். ஒரு பையன் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை விட்டுவிட்டுக் கப்பலேறுகிறான். அங்கே அவனை “கள்ளத்தோணி” என்றும் “தோட்டக்காட்டான்” என்றும் கூப்பிட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பக்கம் போனால் “வடக்கத்தியான்”. சொந்த நாடு என்று சொல்லி அனுப்பிய இடத்தில் வந்து இறங்கினால் “சிலோன்காரன்”. பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கம் என் வழக்குகளின் கட்சிக்காரர்கள் வீட்டுக்குப் போகும்போது பெரியவர்கள் என்னிடம் இதைத்தான் சொல்வார்கள்: “அங்க இந்தியாக்காரன்னாங்க, இங்க சிலோன்காரன்னாங்க.” ஒரு பாட்டி தகரப் பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும் வரை கையை நீட்டியபடியே நின்றார். அதை இன்னொருவர் கையில் விட்டுவைக்கவே அவருக்கு மனம் வரவில்லை. உங்கள் அப்பாவுக்குத் “தாயகம் திரும்பியோர்” என்ற பெயர் அந்தப் பாஸ்போர்ட் மாதிரி. அரசாங்கத் தாளில் இருந்த பெயர்களில், இவன் வந்தேறி இல்லை, இது இவன் தாயகம் என்று சொன்ன ஒரே பெயர் அதுதான். அந்தப் பெயரில்தான் அவருக்கு வேலையும் கிடைத்தது. நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம், பின்னால் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது, அவர்களைக் குடியமர்த்தவே வந்தது.

1992இல் ஊர்ப் பெயரை ஏன் மாற்றினார்? அதற்கு முந்தைய வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்குப் பிறகு, இலங்கை என்ற சொல் வாயில் வந்தாலே போலீஸ் விசாரிக்குமோ என்ற பயம் தமிழ்நாடு முழுக்க இருந்தது. வாடகை வீடு கேட்டுப் போனவர்களிடம் “நீங்க சிலோனா?” என்று கேட்டுக் கதவைச் சாத்திய கதைகளை நானே கேட்டிருக்கிறேன். கையில் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு இருந்த ஒரு தகப்பன் அப்போது செய்தது அது. அந்தக் குழந்தை நீங்கள். அவர் தன் பிறப்பை மறைத்தார் என்று கோபப்படாதீர்கள். தம்பியையும் கோபப்பட விடாதீர்கள்.

தம்பியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. அரசாங்கங்கள் வைத்த பெயர்களுக்கு நடுவில், அந்த மக்கள் தாங்களே எடுத்துக்கொண்ட பெயர் “மலையகத் தமிழர்”. தோட்டத்தில் பிறந்து படித்து ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் ஆனவர்கள் அந்தச் சொல்லைப் பரப்பினார்கள். 2023இல், முதல் தொழிலாளர்கள் அங்கே போய் 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, அவர்கள் காட்டு வழியில் நடந்த தடத்திலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனார்கள். அதன் படங்களைப் பார்த்துத்தான் தம்பிக்கு இந்த எண்ணம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 29 வயதுப் பையன் தன் பாட்டன் பூட்டனைத் தேடுவது நல்ல காரியம்.

ஆனால் “இந்தியர் என்பது நம்மை விரட்டுவதற்காக வைத்த பெயர், அப்பா அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்” என்று தம்பி சொல்வது பாதிதான் உண்மை. அந்த மக்களின் பெரிய இயக்கமே 1939இல் நேரு இலங்கைக்குப் போயிருந்தபோது “இலங்கை இந்தியர் காங்கிரஸ்” என்ற பெயரில்தான் பிறந்தது. பிறகுதான் அது தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. துரைமாருக்கும் கங்காணிக்கும் முன்னால் ஒண்டியாக நின்றவர்களுக்கு, நமக்குப் பின்னால் ஒரு பெரிய நாடு இருக்கிறது என்ற தெம்பை அந்தச் சொல் கொடுத்தது. அதே சொல்லைக் காட்டித்தான் குடியுரிமையையும் பறித்தார்கள். இரண்டும் நடந்தது. இன்றைக்கும் அங்கே வாக்குவாதம் முடிந்துவிடவில்லை. “இந்திய வம்சாவளித் தமிழர்” என்பதை விட்டால் இந்தியாவோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும் என்பவர்கள் உண்டு. கொழும்பிலும் கிளிநொச்சியிலும் குடியேறிவிட்டவர்களை மலையகத்தார் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. பேசாமல் “இலங்கைத் தமிழர்” என்றே பதிந்துகொள்பவர்களும் உண்டு. 2024 குடிசன மதிப்பீட்டில் அந்த நாட்டு அரசு இந்தியத் தமிழர், மலையகத் தமிழர் இரண்டையும் நடுவில் ஒரு கோடு போட்டு ஒரே வரியில் எழுதியிருக்கிறது. அங்கேயே இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, திருப்பூர் மண்டப வாசலில் ஒன்றை வெளியே தள்ளத்தான் வேண்டுமா?

மாமியார் சொல்லும் “சிலோன்காரங்க”

இதற்குச் சட்டத்தில் மருந்தில்லை, தேடவும் வேண்டாம். சிலோன் என்பது அதுவாக வசவு இல்லை. 1972 மே 22 வரை ஆங்கிலத்தில் அந்த நாட்டின் பெயரே அதுதான். உங்கள் அப்பா கப்பலேறியதும் அந்தப் பெயருள்ள நாட்டிலிருந்துதான். இந்தப் பக்கத்து வயதானவர்களுக்குச் சிலோன் என்றால் முதலில் ரேடியோதான் ஞாபகத்துக்கு வரும். அந்தச் சொல்லை எதோடு சேர்த்துச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். “சிலோன்காரங்க வீட்டுச் சம்பல் மாதிரி வராது” என்பது ஒன்று. “சிலோன்காரங்களுக்கு நம்ம முறை என்ன தெரியும்” என்பது வேறு. இரண்டாவதைச் சொல்லும்போது, பந்தியில் வைத்து வேண்டாம், அடுப்படியில் தனியாக இருக்கும்போது, “அத்தை, எங்க தாத்தா சேலத்துக்காரர். பிழைக்கப் போன இடத்துல பிறந்தவர் எங்க அப்பா. இப்படிச் சொன்னா அவருக்கு வலிக்கும்” என்று நேராகச் சொல்லுங்கள். அதே நேரம் உங்கள் கணவரும் ஒரு தரம் தன் அம்மாவிடம் பேச வேண்டும். 11 வருடமாக நீங்கள் மட்டும் சமாளித்தது போதும். அவர் பேசினால் எடுபடுகிற அளவு நீங்கள் பேசினால் எடுபடாது என்பது நம் வீடுகளின் நடைமுறை.

என் கருத்து

ஒருவரை என்ன பெயரில் சொல்வது என்பதை முடிவு செய்யும் உரிமை அவருக்குத்தான் முதலில். உங்கள் அப்பாவைத் தாயகம் திரும்பியவர் என்றே சொல்லுங்கள். தம்பியை மலையகத் தமிழன் என்று சொல்லுங்கள். நீங்கள் எது என்று கடிதத்தில் எங்கேயுமே எழுதவில்லை. உங்களுக்கும் ஒரு விருப்பம் இருக்கும், அதையும் யோசித்துப் பாருங்கள்.

பேனர் மட்டும் எல்லோருக்கும் பொது. அதனால் பேனர் கடைக்குப் போகும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தலூர் போங்கள். தம்பியும் வரட்டும், மகனையும் கூட்டிப் போங்கள். பேச்சைப் பேனரில் ஆரம்பிக்காதீர்கள். தாத்தா பாஸ்போர்ட்டை எடுக்கச் சொல்லி, மகனிடம் காட்டி, “இதுல எது தாத்தா பேர்?” என்று கேளுங்கள். அப்புறம் அப்பாவே பேசுவார் என்று நினைக்கிறேன். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, சங்கு ஊதும் நேரம், லயத்தில் யார் யார் குடியிருந்தார்கள், கப்பலில் யார் வாந்தி எடுத்தது என்று பேரனிடம் சொல்ல அவருக்கு நிறைய இருக்கும். அங்கே தோட்டங்களுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் இன்னொன்று. அந்தத் தமிழ்ப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். சீர் பேனரில் உங்கள் தாத்தா பெயரையும் அந்தத் தோட்டத்தின் பெயரையும் பந்தலூரையும் போடலாம் என்று தம்பியிடம் சொல்லிப் பாருங்கள். ஊர்ப் பெயரும் பெரியவர் பெயரும் போடுவதுதானே நம் வழக்கம்.

கேட்ட பிறகு அப்பாவே “மலையகம்னே போடு” என்று இறங்கி வந்தாலும் வரலாம். வராவிட்டால், இந்த ஒரு பேனரில் தம்பி விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அவருக்கு அந்தப் பெயரைச் சொல்ல இன்னும் 50 வருடம் இருக்கிறது. அப்பாவுக்கு, பேரனின் காதுகுத்தில் முன்வரிசையில் பயமில்லாமல் உட்கார்ந்திருக்க இந்த ஒரு நாள். நான் சொன்னதாகவே தம்பியிடம் சொல்லுங்கள்.

பந்தலூர் போகும்போது இன்னொரு வேலையும் முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட், குடியுரிமைப் பதிவுச் சான்று, தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை, எது இருந்தாலும் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, கலரில் ஸ்கேன் செய்யுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். பழைய தாள் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும், அசலைச் சரிபார்க்கவும் முடியாது. அசல் அப்பாவிடமே இருக்கட்டும். நோட்டரி சான்று வாங்கிய நகல் ஒன்று உங்களிடம், ஒன்று தம்பியிடம், ஒன்று உங்கள் கணவரிடம்.